மல்லி மூட்டைக்கு மாட்டிய பெல்ட்

லிங்கராஜ் அண்ணாச்சிக்கு வெறும் வண்டியைக் கண்டால் ஆகாது. தெருவில் ஒரு ஆட்டோ காலியாகப் போனால்கூடக் கைதட்டி நிறுத்தி, "எங்கலே போற? மட்டக்கடைப் பக்கமா? அப்ப போற வழியில இந்த ரெண்டு டின்னையும் இறக்கிரு" என்பார். தூத்துக்குடியில் அவருக்கு மளிகை மொத்தக் கடை. மிளகாய், மல்லி, சீரகம், பெருங்காயம், புளி. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊரிலிருந்து இருபது வயதில் வந்தவர். சைக்கிள் கேரியரில் மிளகாய்ச் சிப்பம் கட்டி விற்றுத்தான் கடை வைத்தார். இப்போது வயது ஐம்பத்து நாலு. இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு வந்த எந்த வண்டியும் போகும்போதும் சரி, வரும்போதும் சரி, காலியாக ஓடியதில்லை.

கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போன வேனிலேயே ஒரு மூட்டை வற்றல் போயிருக்கிறது. போகிற வழியில் ஒரு கடையில் இறக்க வேண்டிய சரக்கு அது. அந்தக் கடை பூட்டிக் கிடந்ததால் மூட்டை மாமனார் வீடுவரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை கொண்டுவந்த சீர் என்று நினைத்து அவர்கள் மூட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி செல்வராணியின் சொந்தக்காரர்கள் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வீட்டில் கார் இல்லாமல் இல்லை. ஏழு பேர் போகலாம் என்று சொல்லித்தான் ஒன்று வாங்கினார். வாங்கிய வாரமே கடைசி வரிசை சீட்டை மடக்கினார். அது பிறகு விரியவே இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் முன்சீட்டில் பில் புத்தகமும் சாம்பிள் பொட்டலங்களும் உட்கார்ந்திருக்கும். செல்வராணியும் மகள் இந்துமதியும் நடுச்சீட்டில், காலுக்கடியில் புளிச் சிப்பத்தோடு. பள்ளிக்கூடத்தில் இந்துமதிக்கு 'ரசப்பொடி' என்றே பேர். அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். பெருங்காய வாசம் வந்தால் இன்னும் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது என்கிறாள்.

போன வருஷம் மாசி மாதம், கடையில் ஆள் நெரிசலான ஒரு பகல் வேளையில், அண்ணாச்சி மிளகாய் மூட்டை மேல் சாய்ந்தார். தும்மத்தான் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. செல்வராணி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, "தினம் ஒரு மணி நேரம் லாபம் இல்லாத காரியம் ஏதாவது செய்யுங்க" என்றார்.

"அப்படின்னா?" என்றார் லிங்கராஜ். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"சும்மா இருக்கணும், சார். சும்மா உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யணும்."

பீச்சில் நடக்கப் போனார். மூன்றாம் நாள், கூட நடந்த ஹோட்டல்காரரிடம் மிளகாய்த் தூளுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். சிவன் கோயிலுக்குப் போனார். அன்னதானத்துக்குப் புளி கொடுக்கப் பேசிவிட்டு வந்தார். வீட்டிலேயே இருங்க என்று செல்வராணி உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டு ரோஸ் டீச்சர், மகன் கல்யாணத்துக்கு மசாலா சாமான் எங்கே வாங்கலாம் என்று யோசனை கேட்க வந்தாள். அதோடு வீட்டில் உட்கார்ந்ததும் முடிந்தது.

"உங்களுக்குச் சும்மா புடிச்சது ஒண்ணுகூடவா இல்ல?" என்று செல்வராணி கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் உடைந்தது.

அண்ணாச்சி மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் காலை, இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆழ்வார்திருநகரில சக்ரபாணி சார் வீட்டுல ஒரு செவப்புக் கார் நிக்கி. பாத்தா ஆசையா இருக்கும். ஒரு பிரயோஜனமும் இருக்காது."

சக்ரபாணி துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் மடப்பள்ளிக்குச் சரக்கு கொடுக்கப் போகும்போது பழக்கம். அவர் வீட்டுத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கார் நிற்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய வண்டி. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. தரையோடு தரையாக இருக்கும். எப்போதாவது தார்ப்பாய் விலகியிருந்தால் அண்ணாச்சி பில்லை எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஆசையை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம்.

செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கூடப் போனாள்.

"விக்கற எண்ணமே இல்லை. ஆனா என்ன பண்றது?" என்றார் சக்ரபாணி. "ஏறிடறேன். இறங்கத்தான் முடியலை. பத்மஸ்ரீ ஒரு பக்கம், பக்கத்தாத்துக்காரர் ஒரு பக்கம் பிடிச்சு இழுக்க வேண்டியிருக்கு." அவர் மனைவி பத்மஸ்ரீ காப்பி கொண்டுவந்தவள், "போன வாரம் உள்ளேயே உக்காந்துண்டு சந்தியாவந்தனம் பண்ணினார், கேளுங்கோ" என்று போட்டுக் கொடுத்தாள்.

சக்ரபாணி தார்ப்பாயை நீக்கினார். லிங்கராஜ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண் பளபளத்தது. பின்னால் போய் நின்று, முதல் கேள்வி கேட்டார்:

"டிக்கியில எத்தனை மூட்டை புடிக்கும், சார்?"

சக்ரபாணி காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "மூட்டையா? ஒரு மூட்டையும் பிடிக்காது. ஒரு பை பிடிக்கும். அதுவும் சின்னப் பை."

லிங்கராஜ் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற செல்வராணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இதையே எடுங்க" என்றாள்.

"ஏளா..."

"இதையே எடுங்க. ஆனா சார் முன்னாடி ஒரு பேச்சு. இந்த வண்டில ஒரு கிலோ சரக்கு ஏறுச்சுன்னாலும் மறுநாளே வித்துரணும். சம்மதமா?"

லிங்கராஜ் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். சம்மதம் என்றார். சக்ரபாணி சாட்சி. அன்றைக்கு லிங்கராஜ் சிவப்புக் காரில் முன்னால் போக, செல்வராணி பழைய காரில் டிரைவரோடு பின்னால் வந்தாள். டிரைவர் மடப்பள்ளியில் கொடுத்த காலி டின்களை அதில் ஏற்றியிருந்தார். அந்த வண்டிக்குத்தான் சட்டம் கிடையாதே.

தெருவில் கார் வந்து நின்றதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பாதிக் கார்தான் வந்துருக்கு, மீதி எப்ப வரும் அண்ணாச்சி?" என்றான் ஒருவன். வேட்டியோடு அதில் ஏறலாம், கௌரவமாக இறங்க முடியாது என்பதை முதல் நாளே ரோஸ் டீச்சர் வீட்டு வாசலில் தெரிந்துகொண்டார். மறுநாள் ரெண்டு பேன்ட் வாங்கினார். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவினார். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குக் கடையில் வியாபாரம் ஓயும் நேரத்தில், கூரையை மடக்கிவிட்டுத் துறைமுகச் சாலையில் அதை ஓட்டிப் போகும்போது அவர் வேறு ஆளாக இருந்தார். ரெண்டு பக்கமும் உப்பளம். கன்டெய்னர் லாரிகளின் சக்கரம் அவர் தலைக்கு நேராகச் சுழலும். லாரிக்காரர்கள் குனிந்து பார்த்துச் சிரிப்பார்கள். அவர் நாலாவது கியரைப் போட்டு அழுத்துவார். வண்டி ஒரு உறுமல் உறுமி எகிறும். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே போகும். அந்த நேரத்தில் அவருக்கு மிளகாய் விலை மறந்துவிடும். முதல் முறை அப்படி மறந்தபோது பயந்தே போனார். உடம்புக்கு மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். அது சந்தோஷம் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

மூன்று வாரம் இப்படிச் சுத்தமாகப் போயிற்று. அப்புறம் மாப்பிள்ளையூரணியிலிருந்து ஜீவமணி போன் பண்ணினான். அங்கே சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவன்.

"அண்ணாச்சி, சீரகம் தீந்துட்டு. அஞ்சு கிலோ போதும். ஆள் அனுப்ப முடியுமா?"

எப்படியும் வண்டி எடுக்கத்தானே போகிறோம், இன்றைக்குத் துறைமுகத்துக்குப் பதில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் போனால் என்ன என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. பக்கத்து சீட்டு வேறு காலியாகக் கிடந்து கண்ணை உறுத்திற்று. சீரகப் பையை அதில் உட்கார வைத்தார். திருப்பத்தில் சரிந்து விழப் பார்த்தது. பெல்ட்டை மாட்டிவிட்டார். அது பழைய பெல்ட், தானாகச் சுருளாது, லேசில் மாட்டாது. கொக்கியைக் கொஞ்சம் சாய்த்து, உள்ளே தள்ளி, ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். நாலைந்து நாளில் அந்தப் பக்குவம் அவர் கைக்கு வந்துவிட்டது.

சீரகத்துக்குப் பின்னால் கடுகு போயிற்று, கடுகுக்குப் பின்னால் பெருங்காயம். ஒரு நாள் மல்லி மூட்டையே ஏறியது. மல்லி கனம் இல்லாத சரக்கு, ஆனால் இடத்தை அடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆள் உயரம். கூரை இல்லாத வண்டி, ரோட்டில் புழுதி. நல்ல மல்லியில் மண் விழலாமா? பழைய காரில் மூட்டை போர்த்துவதற்காகக் கிடந்த செல்வராணியின் பச்சை நூல் சேலையை எடுத்து மூட்டைக்கு மேலே சுற்றி, தலைப்பை உச்சியில் முக்காடு மாதிரி இழுத்துச் செருகினார். பெல்ட்டை மூட்டையின் அளவுக்கு விட்டு மாட்டினார். வாரம் மூன்று நாள் இப்படிப் போயிற்று. ஜீவமணி தூரத்தில் பச்சையைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு இறக்க வந்துவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் செல்வராணி வாசலுக்கு வந்தாள். பக்கத்து சீட்டுக்கு நேராகக் குனிந்து மோந்து பார்த்தாள். சீட்டு இடுக்கில் விரலை விட்டு நாலு மல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ரோஸ் டீச்சர் இன்னைக்கு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. ஏன் தெரியுமா?"

"ஏனாம்?"

"உங்க வீட்டுக்காரர் கார்ல பச்சைச் சேலை கட்டி முக்காடு போட்ட பொம்பள ஒருத்தி போறா, தைரியமா இரு, ஜெபம் பண்ணுதேன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பொம்பளையக் கூட்டிக்கிட்டுச் சுத்த உங்களுக்கு நேரம் ஏது? நேரா பழைய கார்ல போயி என் சேலையத் தேடுனேன். காணல."

அண்ணாச்சி சீட்டு இடுக்கில் மிச்சம் கிடந்த மல்லியை விரலால் தோண்டி எடுத்தார்.

"பொம்பளையா இருந்தாக்கூட மன்னிச்சுருப்பேன்" என்றாள் செல்வராணி. அதுவரை கிண்டலாக வந்த குரல் சட்டென்று மாறியது. "அன்னைக்கு உங்கள மூட்டை மேல இருந்து தூக்கும்போது கைல பில் புக்க விடாமப் புடிச்சுருந்தீய. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு நான்தான் எடுத்தேன். மறுபடியும் அப்படி எடுக்க எனக்குத் தெம்பு இல்லங்க. சொன்ன பேச்சுப்படி வண்டிய வித்துருங்க."

அன்று ராத்திரியே இந்துமதியிடம் சொல்லி, விற்பனைக்கு என்று இணையத்தில் காரின் படம் போட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஷாம் என்று ஒருவர் திங்கட்கிழமை காலை வந்து பார்ப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை முழுக்க அண்ணாச்சி கடையில் எடை போடும்போது ரெண்டு தடவை தப்புப் போட்டார். அவர் வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை லீவு. "கடைசியா ஒரு தடவ ஓட்டிக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஓட்டுங்க. நானும் வாரேன்."

"நீயா?"

"ஒண்ணும் ஏத்தாம பாத்துக்கிடணும்லா."

செல்வராணி குனிந்து, முனகி, அந்தச் சின்னக் கதவுக்குள் தன்னைச் செலுத்திக்கொண்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டப் பார்த்தாள். மாட்டவில்லை. கொக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். வண்டி வாங்கி மூன்று மாதமாகியும் அவள் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை என்பது அண்ணாச்சிக்கு அப்போது உறைக்கவில்லை.

திருச்செந்தூர் ரோட்டில் போனார்கள். பழையகாயல் தாண்டுகிறவரை செல்வராணி ஒரு கையால் கொண்டையையும் ஒரு கையால் கொக்கியையும் பிடித்துக்கொண்டு, "மெள்ள, மெள்ள" என்றாள். முக்காணிப் பாலத்தில் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்ததும் கொண்டையை விட்டுவிட்டாள். பாலம் தாண்டி ரோட்டோரம் வாழைத்தார்கள் அடுக்கியிருந்தன. நல்ல திரட்சியான நாட்டுத்தார்.

"நிறுத்துங்க" என்று இறங்கிப் போனவள், "மொத்தமா ஆறு தார் எடுத்தா என்ன வெல போடுவ?" என்று கேட்டேவிட்டாள். அவளும் ஏரலில் வாழைக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்தவரின் மகள்தானே. கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். காரிலிருந்து அண்ணாச்சி கண்ணில் வெளிச்சம் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா கேட்டேன்" என்று முறைத்தாள். ரெண்டே ரெண்டு பழம் வாங்கி, ஆளுக்கு ஒன்றாக அங்கேயே நின்று தின்றார்கள். வயிற்றுக்குள் போவது சரக்கில் சேராது என்று தீர்ப்பும் சொன்னாள்.

காயல்பட்டினம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். யாரும் ஆர்டர் கொடுக்க வரவில்லை. செல்வராணி, தன் சின்ன வயதில் அப்பாவின் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் பூனைக்குப் பயந்து வாழைத்தார்களுக்கு நடுவில் ஒளிந்த கதையைச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பும் வழியில், ஆறுமுகநேரி உப்பளம் பக்கம், அவர் வாய் சும்மா இருக்காமல் ஒரு பெருமூச்சு விட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வண்டியாத் திரும்புதோமே."

கொஞ்ச தூரம் போனதும் செல்வராணி, "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார்.

"நான் இறங்கிக்கிடுதேன். பஸ்ஸுல வாரேன். நீங்க நெசமாவே வெறும் வண்டியாப் போங்க."

"ஏளா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் சரி. இந்த சீட்டுல சீரகம் வந்துருக்கு, கடுகு வந்துருக்கு, காயம் வந்துருக்கு. மல்லிக்குச் சேலை கட்டி, முக்காடு போட்டு, பெல்ட்டு மாட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கீய. எனக்கு ஒரு நாளாவது மாட்டி விட்டுருக்கீயளா? வான்னு ஒரு வார்த்த கேட்டுருக்கீயளா? கெளம்புனதுல இருந்து இந்தக் கொக்கியக் கையில புடிச்சுக்கிட்டு வாரேன். திரும்பிப் பாத்தீயளா?"

அண்ணாச்சி அவள் கையைப் பார்த்தார். கொக்கியை இறுக்கிப் பிடித்ததில் விரல் வெளுத்திருந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. பழைய காரின் நடுச்சீட்டும், காலுக்கடியில் புளிச் சிப்பமும், தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடம் போன மகளுமாக எல்லாம் ஞாபகம் வந்தது. எட்டி, கொக்கியை அவள் விரலிலிருந்து வாங்கினார். சாய்த்து, தள்ளி, ஒரு இழுப்பு இழுத்தார். மாட்டிக்கொண்டது. ஆனால் பெல்ட் இன்னும் மல்லி மூட்டையின் அளவில் தொளதொளவென்று கிடந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அவள் அளவுக்குக் கொண்டுவந்தார்.

"இறுக்குதா?"

"இல்ல. இருக்கட்டும்" என்றாள் செல்வராணி. உப்பளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தூத்துக்குடி எல்லை வந்ததும் சொன்னாள்: "நாளைக்கு வாரேன்னவர வர வேண்டாம்னு சொல்லிருங்க."

திங்கட்கிழமை மத்தியானம் ஜீவமணி போன் பண்ணினான். "அண்ணாச்சி, மல்லி தீந்துட்டு. சாயங்காலம் இந்தப் பக்கம் வாரீயள்லா?"

"வாரேன் வே."

நாலரை மணிக்குச் சிவப்புக் கார் மாப்பிள்ளையூரணிக்குள் திரும்பியது. தூரத்தில் பச்சையைப் பார்த்ததுமே ஜீவமணி கையைத் துடைத்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். கதவைத் திறந்து, மூட்டையை அணைத்துத் தூக்க ரெண்டு கையையும் நீட்டினான். உள்ளே, மூன்று தடவை துவைத்தும் மல்லி வாசம் போகாத பச்சைச் சேலையில், காற்றுக்கு முக்காடும் போட்டு, பெல்ட் மாட்டி, செல்வராணி உட்கார்ந்திருந்தாள்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜீவமணி அதைக் கும்பிடாக்கினான். "மதினியா? வாங்க, வாங்க. மல்லி எங்க அண்ணாச்சி?"

"நாளைக்கு ஆட்டோல வரும்."

"அப்ப இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீய?"

லிங்கராஜ் கியரைப் போட்டார். பக்கத்து சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சும்மா வே" என்றார். "சும்மாதான் வந்தோம்."